உறைந்த மீனை இளக்குவதில் கவனம் தேவை

தமிழகத்தின் கிழக்குக் கடற்கரையில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் கடலுக்குச் செல்வதில்லை. மீன்கள் முட்டையிட்டுப் பெருகும் காலம் என்பதால் 61 நாட்களுக்கு இந்தத் தடை. கடலே இல்லாத தருமபுரி மாவட்டத்துக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். தொடர்பு உண்டு. அரூரிலும் பாலக்கோட்டிலும் பென்னாகரத்திலும் வெயில் உச்சத்தில் நிற்பது அந்த நாட்களில்தான். மேற்குக் கரையிலிருந்து வரும் மீனும், உறைபதன அறைகளில் மாதக்கணக்கில் அடுக்கி வைத்த மீனும் இறாலும் உள்நாட்டுச் சந்தைகளை நிரப்புவதும் அந்த நாட்களில்தான். சித்திரை வெயிலும் கல்லாக உறைந்த மீனும் ஒரே அடுக்களையில் சந்தித்துக் கொள்கின்றன. அதனால் வரும் கேடு சிறியதன்று.

ஒகேனக்கல் மீனும் மேட்டூர் அணை மீனும் இந்த மாவட்டத்து மக்களுக்குப் பழக்கமானவை. களிக்கு மீன் குழம்பு போல் இன்னொரு துணை இல்லை என்பார்கள் பெரியவர்கள். ஆற்று மீனைப் பார்த்து வாங்க அவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. செவுளைத் தூக்கிப் பார்ப்பார்கள், கண்ணைப் பார்ப்பார்கள், வயிற்றை விரலால் அழுத்திப் பார்ப்பார்கள். ஆனால் உறைந்த மீனிடம் இந்தச் சோதனை எதுவும் செல்லாது. கல்லை அழுத்தி என்ன காண்பது?

முதலில் ஒரு சொற்குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். சந்தையில் எல்லாமே ‘ஐஸ் மீன்’தான். “அண்ணா, இது ஐஸ்ல வச்ச மீனா, கல்லா உறைய வச்ச மீனா?” என்று ஒரு அம்மாள் கேட்டால், “ரெண்டும் ஒண்ணுதான்க்கா, ஐஸ் மீனுதான்” என்று பதில் வரும். ஒன்றல்ல. ஐஸ் துண்டுகளுக்கு நடுவே தெர்மாகோல் பெட்டியில் வரும் மீன் பூஜ்யம் டிகிரியை ஒட்டிய குளிரில் இருக்கிறது, உறைவதில்லை. அது மெதுவாகக் கெட்டுக்கொண்டே வருகிறது. சில நாட்கள்தான் தாங்கும். உறைபதன மீன் வேறு. பூஜ்யத்துக்குக் கீழே 18 டிகிரி அல்லது அதற்கும் கீழான குளிரில், உள்ளிருக்கும் நீரில் பெரும்பகுதி பனிக்கட்டியாகி, கெடுவது ஏறக்குறைய நின்றுபோன நிலையில் வருவது. மாதக்கணக்கில் தாங்கும். முன்னதை வாங்கியவுடன் கழுவிச் சமைத்துவிடலாம். பின்னதை முதலில் இளக்க வேண்டும். இந்த இளக்கும் வேலையில்தான் தவறு நேர்கிறது.

உறைபதன மீன் மட்டமானது என்று ஓர் எண்ணம் கிராமங்களில் வேரூன்றியிருக்கிறது. அதற்கு நியாயம் குறைவு. அமெரிக்கரான கிளாரன்ஸ் பேர்ட்ஸ்ஐ என்பவர் லாப்ரடார் என்ற பனிப் பிரதேசத்தில் தங்கியிருந்தபோது, அங்குள்ள மக்கள் பிடித்த மீன் கடுங்குளிரில் கணப்பொழுதில் உறைந்துபோவதையும், பல வாரம் கழித்துச் சமைத்தாலும் ருசி மாறாதிருப்பதையும் கண்டார். விரைவாக உறைந்தால் மீனின் சதைக்குள் உண்டாகும் பனித்துகள்கள் மிகச் சிறியவையாக இருக்கும், சதை கிழியாது. மெதுவாக உறைந்தால் துகள்கள் பெரிதாகிச் சதையைக் குத்திக் கிழித்துவிடும். இளகும்போது சாறெல்லாம் வடிந்து சக்கைதான் மிஞ்சும். இந்த உண்மையை வைத்து 1920களில் அவர் தொடங்கிய தொழில்தான் இன்று உலகெங்கும் பரவி நிற்கிறது. இந்தியாவில் 1953ஆம் ஆண்டு கொச்சியிலிருந்து உறைந்த இறால் அமெரிக்காவுக்குக் கப்பலேறியது. 1957இல் அதே கொச்சியில் மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிலையம் அமைந்தது. படகிலிருந்து தொழிற்சாலை, தொழிற்சாலையிலிருந்து கப்பல் என்று ஒவ்வொரு கட்டத்திலும் டிகிரி பார்த்துப் பார்த்துக் காத்த பண்டம் அது. வெளிநாட்டு அடுக்களைக்குப் போவதற்கு இருக்கும் அக்கறை பாப்பாரப்பட்டி அடுக்களைக்குப் போகும் பொட்டலத்துக்கும் இருக்க வேண்டும் என்று விரும்புவது தவறாகாது.

வீட்டில் என்ன நடக்கிறது? ஞாயிறன்று மலிவாகக் கிடைத்த இரண்டு கிலோ மத்தியோ அயிலையோ பிரிட்ஜின் மேல் அறையில் ஒரே கட்டியாக உறைந்து கிடக்கிறது. புதன்கிழமை காலை ஆறு மணிக்கு அதை எடுத்து அடுக்களை மேடையில் ஒரு தட்டில் வைத்துவிட்டு வீட்டுக்காரம்மாள் தக்காளி பறிக்கவோ கடலைக்காட்டில் களை வெட்டவோ போகிறார். திரும்பி வரும்போது மதியம் ஒன்றரை. அல்லது காலையிலேயே அவசரம். “ஏம்மா, மீனு கல்லு மாதிரி இருக்குது, வாசல்ல வெயில்ல வெய்யி” என்கிறார் மாமியார். இரண்டுமே நல்லெண்ணத்தில் செய்வதுதான். இரண்டுமே கேடு.

ஒரு கிராம் பனிக்கட்டியை வெறும் தண்ணீராக மாற்றுவதற்கே 80 கலோரி வெப்பம் வேண்டும். அந்தத் தண்ணீரை மேலும் ஒரு டிகிரி சூடாக்க ஒரு கலோரி போதும். இவ்வளவு வெப்பமும் வெளியிலிருந்து உள்ளே போயாக வேண்டும். பனிக்கட்டி தண்ணீரைவிட ஏறத்தாழ நான்கு மடங்கு நன்றாக வெப்பத்தைக் கடத்தக்கூடியது. ஆகவே மீனின் வெளிப்புறம் இளகியதும், அந்த இளகிய சதையே உள்ளிருக்கும் கட்டிக்குக் கம்பளி போர்த்தியது போலாகி வெப்பத்தைத் தடுக்கிறது. நடுப்பகுதி கல்லாகவே இருக்க, மேல்பகுதி அடுக்களையின் சூட்டுக்கு வந்துவிடுகிறது. ‘உள்ளே இன்னும் ஐஸ் இருக்கிறதே, கெட்டிருக்காது’ என்று கைவைத்துப் பார்த்துச் சொல்வது அதனால்தான் ஏமாற்று. உள்ளே ஐஸ் இருக்கும்போதே வெளியே மூன்று மணி நேரம் கிருமிகள் விளைந்திருக்கும்.

உறைய வைப்பதால் கிருமிகள் பெரும்பாலும் சாவதில்லை, தூங்குகின்றன. சூடு வந்ததும் விழித்துக்கொள்கின்றன. 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் இடைப்பட்ட சூடு அவற்றுக்கு விளைநிலம். கடல் மீனிலும் இறாலிலும் காணப்படும் விப்ரியோ என்ற ஒருவகைக் கிருமி, தக்க சூடு கிடைத்தால் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிக்கக்கூடியது. ஒன்று ஒரு மணி நேரத்தில் 64 ஆகும். இரண்டு மணி நேரத்தில் 4,096. எந்தப் பயிரும் இந்த வேகத்தில் விளைவதில்லை.

‘அதனால் என்ன, குழம்பு தளதளவென்று கொதிக்கும்போது எல்லாக் கிருமியும் செத்துவிடாதா?’ என்று கேட்பார்கள். கிருமி சாகும். அது விட்டுச் சென்றது சாகாது. இதுதான் பலரும் அறியாத செய்தி. விவசாயக் குடும்பங்கள் முக்கியமாக மனத்தில் கொள்ள வேண்டியதும் இதுவே.

மத்தி, அயிலை, சூரை, நெத்திலி, வஞ்சிரம், பாறை போன்ற மீன்களின் சதையில் ஹிஸ்டிடின் என்ற பொருள் இயற்கையாகவே மிகுதி. மீன் சூட்டில் கிடக்கும்போது சில வகை நுண்ணுயிர்கள் இதை ஹிஸ்டமின் என்ற நச்சுப் பொருளாக மாற்றிவிடுகின்றன. ஒருமுறை உண்டான ஹிஸ்டமினைக் கொதிக்க வைத்தும் போக்க முடியாது, வறுத்தும் போக்க முடியாது, மறுபடி உறைய வைத்தும் போக்க முடியாது. பல சமயம் வாசனையிலும் தெரியாது. சாப்பிட்ட சில நிமிடங்களிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் முகம் சிவக்கும், உடம்பில் அரிப்பும் தடிப்பும் வரும், தலை வலிக்கும், நெஞ்சு படபடக்கும், சிலருக்கு வாந்தி பேதியும் சேரும். வஞ்சிரத்தை விட்டுவிட்டால் இந்தப் பட்டியலில் உள்ளவை பெரும்பாலும் விலை குறைந்த மீன்கள். சிறு விவசாயி வீட்டுக்கு வருபவை அவைதான். கட்லா, ரோகு போன்ற குளத்து மீன்களில் இந்தத் தொல்லை மிகக் குறைவு என்பதால், ஆற்று மீனிலேயே பழகிய உள்நாட்டு மக்களுக்கு இது பற்றிய அனுபவ அறிவு ஏற்பட வாய்ப்பில்லாமல் போயிற்று.

இதன் விளைவு வேறொரு வகையில் கொடியது. பள்ளி செல்லும் பிள்ளை ஒருநாள் அயிலைக் குழம்பு சாப்பிட்டு உடம்பெல்லாம் தடித்துப் போகிறது. ‘இவனுக்கு மீன் ஒத்துக்கொள்ளாது’ என்று வீட்டில் தீர்ப்பு எழுதிவிடுகிறார்கள். அன்று முதல் அந்தப் பிள்ளைக்கு மீன் கிடையாது. மலிவாகக் கிடைக்கும் நல்ல புரதத்தை ஒரு குழந்தை ஆயுள் முழுவதும் இழக்கிறது. குற்றம் பிள்ளையின் உடம்பிலா, மேடையில் ஏழு மணி நேரம் கிடந்த தட்டிலா என்று யாரும் கேட்பதில்லை. உண்மையிலேயே மீன் ஒவ்வாமை உள்ளவர்களும் இருக்கிறார்கள்; இறால், நண்டு ஒவ்வாமை உயிருக்கே ஆபத்தாகலாம். ஆகவே வீட்டில் சோதித்துப் பார்க்கக் கூடாது. ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு உடனே கொண்டு செல்ல வேண்டும். மூச்சுத் திணறினால் ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது. மருத்துவரிடம் என்ன மீன், எப்போது வாங்கியது, எவ்வளவு நேரம் வெளியில் இருந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். சொன்னால்தான் அவர் இரண்டையும் பிரித்தறிய முடியும்.

புளியைப் பற்றியும் ஒரு வார்த்தை. மீன் சற்று வாடை அடித்தால் புளித்தண்ணீரில் அலசுவதும், மஞ்சளும் உப்பும் போட்டுப் பிசைந்து கழுவுவதும் பரம்பரையாக வரும் வழக்கம். கடல் மீனின் வாடைக்குக் காரணமான அமீன் பொருட்களைப் புளியின் அமிலம் கட்டிப் போடுகிறது, வாடை போகிறது. வாடைதான் போகிறது. ஹிஸ்டமின் அங்கேயே இருக்கிறது. நல்ல மீனுக்குப் புளியும் மஞ்சளும் சுவை சேர்க்கும். கெட்ட மீனுக்கு அவை வேஷம் கட்டிவிடும்.

சரி, எப்படி இளக்குவது? பிரிட்ஜ் உள்ள வீட்டில் சிறந்த வழி, சமைப்பதற்கு முந்தின இரவே மேல் அறையிலிருந்து எடுத்துக் கீழ்த்தட்டில் வைப்பதுதான். ஒரு பாத்திரத்துக்குள் வைக்க வேண்டும். வடியும் நீர் பால் மீதும் தயிர் மீதும் சொட்டக் கூடாது. காலையில் மீன் பதமாக இருக்கும், சாறும் அதிகம் வடியாது. காற்றே இல்லாமல் உறிஞ்சி ஒட்டிய பாலித்தீன் உறையில் வரும் மீனானால், கீழ்த்தட்டில் வைக்குமுன் உறையின் ஒரு மூலையை வெட்டிவிட வேண்டும். காற்றில்லாத இடத்தில் மட்டுமே வளர்ந்து கொடிய நஞ்சைக் கக்கும் ஒரு வகைக் கிருமி உண்டு. அது பிரிட்ஜின் குளிரிலும் மெல்ல வளரக்கூடியது. அரிதாக நேர்வதுதான் என்றாலும், கத்திரிக்கோலால் ஒரு வெட்டு வெட்ட என்ன செலவு?

முந்தின இரவு மறந்துவிட்டால் தண்ணீர் முறை. தண்ணீர் காற்றைவிட இருபது மடங்குக்கும் மேல் வெப்பத்தைக் கடத்தும். அதனால் மேடையில் அரைநாள் ஆகும் வேலை தண்ணீரில் அரைமணி, ஒரு மணியில் முடிகிறது. ஓட்டையில்லாத பையில் மீனைப் போட்டு, காற்றை வெளியேற்றி இறுகக் கட்டி, தண்ணீரில் முழுக்க அமிழ்த்த வேண்டும். பை மிதந்தால் மேலே ஒரு கிண்ணத்தைக் கவிழ்த்து வைக்கலாம். அரைமணிக்கு ஒருமுறை தண்ணீரை மாற்ற வேண்டும். அரை கிலோ மீன் ஒரு மணி நேரத்துக்குள் இளகிவிடும். பை இல்லாமல் வெறும் மீனைத் தண்ணீரில் போட்டால் சத்தும் ருசியும் தண்ணீரோடு போகும். பாத்திரத்துக் கிருமி மீனுக்கும் மீன் கிருமி பாத்திரத்துக்கும் போகும்.

மேல்நாட்டுப் புத்தகங்கள் இதை ‘குளிர்ந்த குழாய் நீர்’ என்று எழுதிவிட்டுப் போய்விடுகின்றன. அவர்களுடைய குழாய் நீர் அப்படி. கோடையில் பாலக்கோட்டு மொட்டை மாடியில் கறுப்புத் தொட்டியில் மதியம் கொதிக்கும் தண்ணீரை யாரும் அவர்களுக்குக் காட்டவில்லை. கிணற்று நீரே இங்கு பெரும்பாலும் 25 டிகிரிக்கு மேல்தான். ஆகவே தருமபுரிக்கு ஏற்ற முறை மண்பானைத் தண்ணீர். வறண்ட காற்றில் பானையின் புறத்தே கசியும் நீர் ஆவியாகி உள்ளிருப்பதைக் குளிர்விக்கிறது. ஈரக்காற்று வீசும் கடற்கரை ஊர்களைவிட இங்கு பானை நன்றாகவே வேலை செய்யும். காலையில் பிடித்து வைத்த பானை நீரில், நிழலில், இரண்டு ஐஸ் துண்டு கிடைத்தால் போட்டு இளக்கலாம். நீர் சற்று வெதுவெதுப்பாக இருக்குமானால் அரைமணி காத்திராமல் பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை கைவைத்துப் பார்க்க வேண்டும்.

வெந்நீரில் போட்டால் என்ன என்ற கேள்விக்கு நேரான பதில் சொல்லியாக வேண்டும். அமெரிக்க வேளாண் துறை விஞ்ஞானிகள் ஓர் அங்குலக் கனமுள்ள மாட்டிறைச்சித் துண்டுகளைப் பையிலிட்டு 39 டிகிரி நீரில் இளக்கிப் பார்த்து 2011இல் வெளியிட்டார்கள்; பதினொரு நிமிடம்தான் ஆனது, தரமும் கெடவில்லை. சூடு மட்டுமே எதிரி என்று சொல்ல முடியாது. சூடும் நேரமும் சேர்வதுதான் எதிரி. மெல்லிய துண்டுகளையோ உரித்த இறாலையோ பையில் கட்டி, கை பொறுக்கும் சூட்டில் பத்து நிமிடம் வைத்து நேரே சட்டிக்குக் கொண்டு போனால் கேடில்லை. ஆனால் சோதனைச் சாலையில் கடிகாரத்தோடு ஆள் நிற்கிறார். வீட்டில் அந்த நேரத்தில் மாடு கத்தும், மோட்டார் நின்றுபோகும், பிள்ளை அழும். பத்து நிமிடம் ஒரு மணியாகிவிடும். பொதுவாகச் சொல்வதற்குக் குளிர்ந்த நீரே உத்தமம். கொதிக்கும் நீரை மீன்மேல் ஊற்றுவது எந்த நிலையிலும் கூடாது; மேலே வெந்து உள்ளே கல்லாக நிற்கும்.

மீன் முழுவதும் மெத்தென்று ஆகும்வரை காத்திருப்பதும் தேவையற்றது. வளைத்தால் வளைய வேண்டும், நடுவில் சிறிது பனி இருக்கலாம். அந்தப் பதத்தில் கத்தியும் நன்றாக இறங்கும்.

தமிழ் வீடுகளுக்கு இன்னும் எளிதான ஒரு வழி இருக்கிறது. குழம்பு வைப்பதானால், கழுவித் துண்டு போட்டு உறைய வைத்த மீனை இளக்கவே வேண்டியதில்லை. புளியும் மசாலும் கொதித்து வரும்போது துண்டுகளை ஒவ்வொன்றாக உறைந்தபடியே போடலாம். வழக்கமான நேரத்தைவிடப் பாதி நேரம் கூடுதலாகக் கொதிக்க வேண்டும், அவ்வளவுதான். துண்டுகள் தனித்தனியாக இருக்க வேண்டும் என்பது ஒன்றே நிபந்தனை. வறுவலுக்கு இது உதவாது. காய்ந்த எண்ணெயில் பனி விழுந்தால் வெடித்துத் தெறிக்கும். முழு மீனுக்கும் உதவாது.

இதிலிருந்தே தெரியும், இளக்கும் வேலை உறைய வைக்கும் நாளிலேயே தொடங்கிவிடுகிறது என்று. பண்ணைக் குட்டையில் மீன் வளர்க்கும் விவசாயிகள் இதைக் கவனிக்க வேண்டும். அறுவடை நாளில் விற்றது போக மிஞ்சிய கட்லாவையும் ரோகுவையும் கூடையோடு கவிழ்த்தது போல் ஒரே பைக்குள் திணித்து மேல் அறையில் ஏற்றுகிறார்கள். ஐந்து கிலோ கட்டி வீட்டுப் பெட்டியில் உறைய ஒரு நாளுக்கு மேலும் ஆகலாம். மெதுவாக உறைவதால் சதை கிழியும். பிறகு ஒரு வேளைக்கு அரை கிலோ வேண்டுமென்றால் ஐந்து கிலோவையும் இளக்கி, நாலரையைத் திரும்ப உள்ளே தள்ளுகிறார்கள். இதைவிடப் பெரிய தவறு இல்லை. மாறாக, குடல் நீக்கிக் கழுவித் துண்டு போட்டு, ஒரு வேளைக்குரிய அளவை ஒரு பையில் தட்டையாக, இரண்டு விரல் கனத்துக்கு மேற்படாமல் பரப்பி உறைய வைக்கலாம். பலகை போல் அடுக்கலாம். வேண்டும்போது ஒன்றை மட்டும் உருவலாம். பானைத் தண்ணீரில் அரைமணியில் இளகும். ஒற்றைக் கதவுப் பிரிட்ஜின் மேல் அறை பல சமயம் மைனஸ் 18 டிகிரியை எட்டுவதில்லை என்பதால், அதில் மாதக்கணக்கில் வைக்காமல் ஒன்றிரண்டு வாரத்துக்குள் தீர்த்துவிட வேண்டும்.

மின்தடை வந்தால் கதவைத் திறந்து திறந்து பார்ப்பது பலர் வழக்கம். திறக்காமல் விட்டால், தனி உறைபதனப் பெட்டி நிறைந்திருக்கும்போது இரண்டு நாள்வரை குளிரைப் பிடித்து வைத்திருக்கும். பாதி இருந்தால் ஒரு நாள். சாதாரண பிரிட்ஜின் கீழ்ப்பகுதி நாலு மணி நேரம்தான். மீனில் பனித்துகள் இன்னும் மின்னிக்கொண்டிருந்தால் மறுபடி உறைய விடலாம். தரம் சற்றுக் குறையும், கேடில்லை. தண்ணீர் முறையில் இளக்கியதை மட்டும் பச்சையாகத் திரும்ப உறைய வைக்கக் கூடாது. சமைத்து வைத்துக்கொள்ளலாம்.

பிரிட்ஜ் இல்லாத வீடுகள் இன்னும் உண்டு. அவர்கள் உறைந்த மீனைக் காலையில் வாங்கி மாலைக்கு வைத்திருக்கக் கூடாது. வேலை முடிந்து திரும்பும் வழியில் வாங்கி, நாலைந்து மடிப்புச் செய்தித்தாளில் சுற்றிச் சாக்குப்பையில் வைத்துக் கொண்டுவந்தால், வீடு சேரும்போது பாதி இளகியிருக்கும். நேரே கழுவி அடுப்பேற்றலாம். பொதுவாக மீனும் இறாலும் வெளியில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது. 32 டிகிரிக்கு மேற்பட்ட வெயில் நாளில் ஒரு மணி நேரமே எல்லை.

இவ்வளவையும் குடும்பப் பெண்கள் தலையில் சுமத்திவிட்டு வியாபாரிகளையும் அதிகாரிகளையும் சும்மா விடுவது நியாயமாகாது. உறைந்து வந்த மீனை இளக்கி, ஐஸ் துண்டுகளின் மேல் பரப்பி, ‘நேற்றுப் பிடித்த மீன்’ என்று விற்பது சில இடங்களில் நடக்கத்தான் செய்கிறது. வாங்கியவர் அதை வீட்டில் மறுபடி உறைய வைக்கிறார், மறுபடி இளக்குகிறார். ஒவ்வொரு முறையும் மீன் சூட்டுக்கு வந்து போகிறது. கடைசியில் நோய் வந்தால் பழி அவருடைய அடுக்களைக்கு. ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் 2014 டிசம்பர் முதல், உறைந்து இளக்கிய மீனானால் அதை வாங்குபவருக்குத் தெரியும்படி குறிப்பிட்டாக வேண்டும். அதே போன்று ஒரு சிறு பலகை, ‘உறைந்து இளக்கியது’ என்ற இரண்டு சொல், தருமபுரி மீன் கடைகளிலும் தொங்கலாம். வியாபாரிக்கு அதில் நட்டம் எதுவுமில்லை. நேர்மையான வியாபாரிக்கு லாபமே.

பொட்டலங்களின் கதையும் இதுதான். எப்படி இளக்குவது, எத்தனை டிகிரியில் வைப்பது என்றெல்லாம் உறையின் பின்புறம் பொடி எழுத்தில் அச்சிட்டிருக்கிறது, ஆங்கிலத்தில். சட்டப்படி உணவுப் பொட்டலத்தில் விவரங்கள் ஆங்கிலத்திலோ தேவநாகரி எழுத்தில் இந்தியிலோ இருந்தால் போதும்; தமிழைக் கூடுதலாகச் சேர்க்கலாம், ஆனால் கட்டாயமில்லை. பூச்சிமருந்துப் புட்டியின் துண்டுச்சீட்டில் தமிழ் உண்டு. பிள்ளைக்கு ஊட்டும் இறால் பொட்டலத்தில் இல்லை. தமிழ்நாட்டில் விற்கும் உறைபதன உணவுகளில் இளக்கும் முறையைத் தமிழில் நாலு வரி அச்சிடும்படி மாநில அரசு நிறுவனங்களை வற்புறுத்த வேண்டும். மத்திய ஆணையத்திடம் விதியை மாற்றக் கோரவும் வேண்டும்.

வேளாண் விரிவாக்கத் துறையினரின் பங்கும் இதில் குறைவுதான். குட்டை வெட்டு, குஞ்சு விடு, தீவனம் போடு என்று சொல்லிக் கொடுப்பவர்கள், மீன் கரையேறியவுடன் தங்கள் வேலை முடிந்ததாக நினைத்துக்கொள்கிறார்கள். பாப்பாரப்பட்டி வேளாண் அறிவியல் நிலையத்தில் ஊறுகாய்க்கும் ஜாமுக்கும் பயிற்சி நடத்த முடியுமானால், ஒரு பானைத் தண்ணீரையும் ஒரு பை மீனையும் வைத்துச் செயல்விளக்கம் காட்டுவது பெரிய காரியமன்று. மகளிர் குழுக்கள் கேட்டால் நடத்துவார்கள், கேட்க வேண்டும்.

இறால் வாங்குகிறவர்கள் ஒரு கணக்கையும் பார்க்கலாம். உறைந்த இறாலின்மேல் கண்ணாடி போன்ற மெல்லிய பனிப்பூச்சு இருக்கும். இறால் காய்ந்துபோகாமல் காக்க அது தேவைதான். ஆனால் உறையில் காட்டும் நிகர எடை அந்தப் பனியை நீக்கிய எடையாக இருக்க வேண்டும் என்பது பன்னாட்டுத் தர விதி. இளக்கி, நீரை வடித்து, வீட்டுத் தராசில் ஒருமுறை நிறுத்துப் பார்த்தால் தண்ணீருக்கு எவ்வளவு விலை கொடுத்தோம் என்பது தெரிந்துவிடும். குறைவு அதிகமாக இருந்தால் உறையையும் ரசீதையும் எடுத்து வைத்துக்கொண்டு தொழிலாளர் துறையின் எடையளவு ஆய்வாளரிடம் புகார் செய்யலாம்.

மீன் இளக்கிய பாத்திரத்தையும் கத்தியையும் பலகையையும் சோப்புப் போட்டுக் கழுவிய பிறகே வெங்காயம், தக்காளி நறுக்க வேண்டும். பையிலிருந்து வடிந்த நீரைத் தொட்டியடியில் கொட்டினால் ஈ மொய்க்கும். கொல்லையில் வாழைக்கன்றின் அடியில் ஊற்றி மேலே ஒரு கை மண் போட்டுவிடலாம்.